பெரிய கார்டை எழுப்பிய கதை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை என் லேப்டாப் நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் முனகும், கொஞ்சம் சுடும், வயதானவர்கள் எல்லாரையும் போல. அதை அப்கிரேட் பண்ணச் சொல்லி யாரும் என் காலில் விழவில்லை. நானாகத்தான் போய் வம்பை விலைக்கு வாங்கினேன்.

நான் ஒரு கட்டட இன்ஜினியர் ஆபீசில் பிளான் வரைகிறவன். ஊராருக்கெல்லாம் வீடு வரைந்து கொடுத்துவிட்டு வாடகை அறையில் வந்து படுக்கிற பிழைப்பு. என் மனைவி நர்ஸ். விமானம் ஏறிப் போகிற தூரத்தில், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. போய் நான்கு வருஷமாகிறது. நடுவில் ஒரே ஒரு தடவை லீவில் வந்தாள். வந்த சுருக்கில் பெட்டி கட்டிவிட்டாள். அவள் சம்பளம் வீட்டுக்கு, என் சம்பளம் வயிற்றுக்கு என்று கிளம்பும்போதே பேசிவைத்திருந்தோம். மனை வாங்கியாயிற்று. வீடு மட்டும் இன்னும் என் லேப்டாப்பில்தான் இருக்கிறது.

அந்த லேப்டாப் வீட்டில்தான் நாங்கள் குடித்தனம் நடத்துகிறோம் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஞாயிறு மத்தியானம் தவறாமல் அவள் கூப்பிடுவாள். நான் என் ஸ்கிரீனை அவள் போனில் தெரியும்படி வைத்துவிட்டு, முப்பரிமாணத்தில் வரைந்திருக்கும் அந்த வீட்டுக்குள் அவளை அழைத்துப் போவேன். வாசல் கதவைத் திறப்பேன், கூடத்தைத் தாண்டுவேன், சமையலறையில் நிற்பேன். அவள் படுத்துக்கொண்டே அதிகாரம் பண்ணுவாள். மேடையை உயர்த்து என்பாள். அவள் என்னைவிட ஒரு பிடி உயரம். இந்தக் கதவு உள்பக்கமாகத் திறந்தால் வாளியோடு வருகிறவள் முட்டிக்கொள்வாள் என்பாள். வாஷிங் மெஷினை எங்கே வைப்பது என்று ஒரு வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அஸ்திவாரமே தோண்டாத வீட்டில் நடந்த சண்டை அது.

எல்லாவற்றையும்விட அதிகமாக இடம் மாறியது படுக்கையறை ஜன்னல்தான். அவள் தங்கியிருக்கிற அறைக்கு ஜன்னலே கிடையாது. அடுக்குக் கட்டில்கள், அதில் மேல் தட்டு அவளுக்கு. இரவு வேலை முடிந்து வந்து டியூப் லைட்டை அணைத்தால் அவளுக்கு ராத்திரி, போட்டால் பகல். "மூஞ்சியில வெயில் பட்டு முழிச்சு எவ்ளோ நாளாச்சு தெரியுமா?" என்று ஒரு தடவை சொன்னாள். சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். நான் போகவில்லை. அன்றிலிருந்து அந்த ஜன்னலைக் கொஞ்சம் இப்படியும் கொஞ்சம் அப்படியும் நகர்த்திக்கொண்டே இருக்கிறேன். ஆனால் என்னிடம் இருந்த பழைய சாஃப்ட்வேரில் வெயில் விழாது. எந்த நேரத்தில் பார்த்தாலும் மழைக்கு முந்தின மத்தியானம் மாதிரி ஒரே சாம்பல் வெளிச்சம்.

இந்த ஞாயிறு மற்ற ஞாயிறு மாதிரி இல்லை. அவளுடைய ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கப்போகிறாளா, ஊருக்குக் கிளம்பப்போகிறாளா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும் என்று இல்லத்துக்காரர்கள் கேட்டிருந்தார்கள். புதன்கிழமை அவள் கூப்பிட்டாள்.

"என்னங்க பண்ணட்டும்?"

"ஞாயித்துக்கிழமை பேசுவோம். உனக்கு ஒண்ணு காட்டணும்."

"என்ன காட்டணும்?"

"பாரேன்."

"பெரிய ரகசியம்தான் இன்ஜினியர் சாருக்கு" என்றாள். நான் வெறும் படம் வரைகிறவன் என்பது அவளுக்குத் தெரியும். கேலிக்கு மட்டும் இன்ஜினியர்.

எனக்கு என்ன வேண்டும் என்பதில் ஒரு குழப்பமும் இல்லை. அவள் வர வேண்டும். வீடு பாதியில் நிற்கட்டும், தொடங்காமலேகூட இருக்கட்டும். காலையில் பல் தேய்க்கும்போது பக்கத்தில் அவள் நிற்க வேண்டும், நான் தொலைத்த சாவியை அவள் திட்டிக்கொண்டே தேட வேண்டும். ஆனால் வா என்று என் வாயால் கூப்பிட மாட்டேன். வறட்டு ரோஷம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். நான் கூப்பிட்டு அவள் வந்தால், பணம் போதாமல் கையைப் பிசைகிற ஒவ்வொரு மாதமும் 'நீங்கதானே வரச் சொன்னீங்க' என்கிற பேச்சு எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கிளம்பி வர அவளுக்கே தோன்ற வேண்டும். தோன்ற வைப்பதற்கு, அவளுடைய கட்டில் மேல் கொஞ்சம் வெயில் போதும் என்று நினைத்தேன்.

சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பில் அது முடியும். மனை இருக்கும் இடம், தேதி, நேரம் மூன்றையும் கொடுத்தால், அந்த நேரத்துச் சூரியன் எந்த ஜன்னல் வழியாக எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று அச்சு அசலாகக் காட்டும். அதற்குப் புது சிஸ்டம், அதாவது லேப்டாப்பையே ஓட்டுகிற அடிப்படை மென்பொருளின் புதுப் பதிப்பு, வேண்டுமாம். அப்கிரேட் பொத்தானை அழுத்திவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் புது முகப்பு, புது நிறம், எல்லாம் பளிச்சென்று இருந்தது. வீட்டைத் திறந்தேன். 'தகுதியான கிராபிக்ஸ் கார்டு இல்லை' என்று ஒரு பெட்டி வந்து நின்றது.

இல்லையாவது! நேற்றுவரை இருந்தது எங்கே போகும்?

என் லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு இரண்டு. ஒன்று சின்னது, பிராசஸருக்குள்ளேயே குடியிருப்பது. மெயில் பார்க்க, கணக்குப் போட, படம் பார்க்க எல்லாவற்றுக்கும் அதுதான் ஓடும். வீட்டில் சத்தமில்லாமல் வேலை செய்கிற மூத்த மருமகள் மாதிரி. இன்னொன்று பெரியது. மூன்று வேளையும் தூங்கிவிட்டு விருந்து என்றால் மட்டும் எழுந்து வருகிற மாப்பிள்ளை. முப்பரிமாண வீடு மாதிரி கனமான வேலை வந்தால்தான் அது கண் விழிக்கும். எப்போது யார் வேலை செய்வது என்று பார்த்து மாற்றிவிடுவது டிரைவர் என்கிற சின்ன மென்பொருள். அந்த இரண்டு பேருடைய டிரைவரும் ஜோடியாக இருந்தால்தான் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியும். அப்கிரேட் ஆன கையோடு சிஸ்டம் சின்னதுக்குத் தானே ஒரு டிரைவரைப் போட்டுக்கொண்டது. ஜோடி பிரிந்துவிட்டது. மாப்பிள்ளை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். கருவிகள் பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் ஒன்று மட்டும் உட்கார்ந்திருந்தது.

சனிக்கிழமை காலை லேப்டாப் கம்பெனியின் தளத்தில் தேடினேன். என் மாடலைப் பழைய மாடல்கள் என்கிற பரணில் ஏற்றிவிட்டிருந்தார்கள். புது சிஸ்டத்துக்கு டிரைவர் கிடையாது. சரி, கார்டு செய்தவர்களிடமே நேராகப் போவோம் என்று அவர்களுடைய லேட்டஸ்ட் டிரைவரை இறக்கிப் போட்டேன். 'வெற்றிகரமாக முடிந்தது' என்று வந்தது. எனக்கும் பெருமை. மறுபடி ஆன் பண்ணினால் ஸ்கிரீன் கன்னங்கரேல் என்று இருக்கிறது. விளக்கு எரிகிறது, உள்ளே ஏதோ ஓடுகிறது, படம் இல்லை. பவர் பொத்தானை அமுக்கி அமுக்கி அணைத்து, சேஃப் மோடில் நுழைந்து, போட்டதையெல்லாம் பிடுங்கிப் போட்டபோதுதான் ஸ்கிரீனில் உயிர் வந்தது. வேறு பதிப்பைப் போட்டேன். அதே இருட்டு. பிடுங்கினேன். கம்பெனிக்காரன், கார்டுக்காரன், சிஸ்டத்துக்காரன், எல்லாருடைய வம்சத்தையும் வாய்க்கு வந்தபடி வைதேன்.

என் சத்தம் கேட்டு அக்கா மாடியேறி வந்தாள். கீழ்த்தளத்தில்தான் அவள் குடும்பம். என் சாப்பாடும் அங்கேதான்.

"யார்கூடடா சண்டை போடற?"

"இதுகூடத்தான். பெரிய கார்டு எழுந்திருக்க மாட்டேங்குது."

"அது எழுந்தா என்ன, தூங்கினா என்ன?"

சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை விஷயம், வெயில், ஜன்னல், எல்லாம். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "ஏன்டா, உன் நாக்கை எங்கயாச்சும் வாடகைக்கு விட்டிருக்கியா? போனைப் போட்டு 'கிளம்பி வாடி'ன்னு சொல்றதுக்கு எந்த கார்டு வேணும்?" என்றாள்.

"உனக்குப் புரியாதுக்கா."

"ஆமா, எனக்கு என்ன புரியும். புருஷன்கிட்ட பேசணும்னா வாயால பேசறவ நான்" என்று சொல்லிவிட்டு, காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். எனக்குக் கோபம்தான் வந்தது. நியாயமான பேச்சு என்று அப்போது தோன்றவே இல்லை.

அன்றைய பகல் முழுக்க மல்லுக்கட்டினேன். என்னைப் போலவே பழைய லேப்டாப்பை விட மனசில்லாதவர்கள் கூடிப் பேசுகிற தளம் ஒன்று இருக்கிறது. பாதிப் பேர் 'புதுசு வாங்கு' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிற புண்ணியவான்கள். ஒற்றைக்கொம்பு என்ற பெயரில் ஒருவர் மட்டும் பொறுமையாக எழுதியிருந்தார். புதிதாக எதையும் போடாதே. பழைய ஜோடி டிரைவரையே போடு. முதலில் சின்னது, அணைத்து ஆன் பண்ணு, பிறகுதான் பெரியது. பெரியதை அதன் கூடவே வருகிற இன்ஸ்டாலரை நம்பி விடாதே, பிரித்துப் போட்ட ஃபோல்டரை நீயே கைகாட்டு. டிரைவரில் கம்பெனியின் கையெழுத்து இருக்கிறதா என்று சரிபார்க்கிற காவலை அதற்கு முன்பு நிறுத்திவை. இதற்கு நடுவில் இன்டர்நெட்டைத் திறந்து வைக்காதே, சிஸ்டம் திருட்டுத்தனமாகத் தன் டிரைவரை மேலே ஏற்றிவிடும்.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும்தான் என் நெற்றியில் அடித்துக்கொண்டேன். நான் காலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றை நடுகிறேன். அது என் முதுகுக்குப் பின்னால் பழையபடி நட்டுக்கொண்டே வந்திருக்கிறது.

ஞாயிறு காலை பல் தேய்த்த கையோடு உட்கார்ந்தேன். வைஃபையை அணைத்தேன். பழைய ஜோடியை வெளி டிஸ்கில் எப்போதோ எடுத்துவைத்திருந்தது என் நல்ல காலம். சின்னதைப் போட்டேன். ஆன் ஆயிற்று. காவலை நிறுத்தினேன். பெரியதைக் கைகாட்டினேன். 'இதை நம்ப முடியாது, இருந்தாலும் போடவா?' என்று சிவப்பில் கேட்டது. போடு என்றேன். ஸ்கிரீன் ஒரு நொடி இருண்டது. பிறகு வெளிச்சம் வந்தது. பட்டியலைத் திறந்தால் மஞ்சள் முக்கோணத்தைக் காணோம்.

வீட்டைத் திறந்தேன். அதே பெட்டி வந்து நின்றது. தகுதியான கார்டு இல்லை.

அழுதுவிடுவேன் போல இருந்தது. அவள் கூப்பிட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஒவ்வொரு அமைப்பாகத் திறந்து பார்த்தேன். வீட்டு சாஃப்ட்வேருக்குப் பெரிய கார்டுதான் என்று எழுதிக் கொடுத்தேன். ஊஹூம். வெறுத்துப் போய் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தபோதுதான் பார்த்தேன். லேப்டாப்பின் சார்ஜர் வயர் தரையில் அனாதையாகக் கிடந்தது. பிளக்கில் அயர்ன் பாக்ஸ் மாட்டியிருந்தது. அறையின் மறுகோடியில் அக்கா, அத்தான் சட்டைக்குக் காலர் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் எப்போது மேலே வந்தாள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"அக்கா! பேட்டரியில ஓடினா பெரிய கார்டு எழுந்திருக்காது!"

"கீழ ஃபியூஸ் போயிடுச்சுடா. ரெண்டே ரெண்டு சட்டை."

அவள் முடிக்கிறவரை காத்திருக்கவில்லை. பிடுங்கி மாட்டினேன். வீட்டைத் திறந்தேன். லேப்டாப்புக்குள் விசிறி உறுமிக்கொண்டு எழுந்தது. எங்கள் வாசல் கதவு, இதுவரை நான் பார்க்காத மாதிரி, மரத்தின் வரிகளோடு வந்து நின்றது.

அடுத்த மாதத்தில் ஒரு தேதியைக் கொடுத்தேன். அவள் கிளம்பினால் வந்து சேர்ந்த மறுநாள் என்று நானாக வைத்துக்கொண்ட தேதி. நேரம், காலை ஏழு. மெதுவாக உள்ளே நடந்தேன். கூடத்தில் ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் சாய்ந்து கிடந்தது. சமையல் மேடையின் விளிம்பில் ஒரு கோடு வெளிச்சம். படுக்கையறைக் கதவைத் திறந்தால், இத்தனை நாளாக நகர்த்தி நகர்த்தி வைத்த அந்த ஜன்னல் வழியாக வெயில் வந்து, கட்டிலில் அவள் படுக்கிற பக்கமாகப் பார்த்து விழுந்திருந்தது. அக்காகூட அயர்ன் பாக்ஸைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். "நல்லாத்தான்டா இருக்கு" என்றாள். சட்டைகளை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

மத்தியானம் என் மனைவி கூப்பிட்டாள்.

"ரெடியா இன்ஜினியர் சார்? என்ன அந்த ரகசியம்?"

"பேசாம பாரு."

அழைத்துப் போனேன். வாசலில், "ஐயோ, இது நம்ம கதவா?" என்றாள். கூடத்தில் நிழலைப் பார்த்ததும் சிரித்தாள். சமையலறையில், மேடைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கச் சொன்னாள். நின்றேன். அவளுக்குள் ஏதோ இளகுகிறது என்று அவள் மூச்சிலேயே எனக்குத் தெரிந்தது. சொல்லிவிடுவாள், இதோ இப்போது சொல்லிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டே படுக்கையறைக் கதவைத் திறந்தேன்.

வெயில் அவள் தலையணை மேல் விழுந்து கிடந்தது.

நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். ஏழு, ஏழரை, எட்டு. வெயில் தலையணையிலிருந்து இறங்கிப் போர்வை மேல் ஊர்ந்தது. அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்று, திரும்பி, கட்டிலைப் பார்த்தபடி நிறுத்தினேன். அங்கே அவள் படுத்திருக்கிற மாதிரியே எனக்கு இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு பக்கத்தில் இருந்ததே இல்லை.

"என்னங்க" என்றாள்.

"சொல்லு."

"போட்டுட்டேன்."

"எதை?"

"சம்மதம்னு. மெயில்ல ஒரு பட்டன்தானே. தலகாணி மேல வெயில் விழுந்துச்சு பாருங்க, அப்பவே அமுக்கிட்டேன்."

அவள் பேசிக்கொண்டே போனாள். அழுகையும் சந்தோஷமுமாக, அவசர அவசரமாகப் பேசினாள்.

"கிளம்பிடலாம்னுதான் இருந்தேன். நிஜமா சொல்றேன், எதுக்கு இப்படிக் கிடந்து உழைக்கிறோம்னே தெரியாம இருந்துச்சு. வெறும் படமாத்தானே இருந்துச்சு இவ்ளோ நாளா? இன்னிக்குத்தான் வீடாத் தெரியுது. இன்னும் ரெண்டே வருஷம். பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடறேன். ஒரு செங்கல் குறைக்காம இதே மாதிரி கட்டிடலாங்க."

"நீ வரணும்னுதான் காட்டினேன்" என்றேன்.

"என்னது?"

"இதப் பார்த்தா கிளம்பி வந்துடுவேன்னு நெனச்சேன். எனக்கு வீடெல்லாம் வேண்டாம். நீ வந்தாப் போதும்."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"புதன்கிழமை கேட்டேனே" என்றாள் கடைசியில். "என்ன பண்ணட்டும்னு உங்ககிட்டதானே கேட்டேன். வான்னு ஒரு வார்த்தை. அதுக்குத்தானே கேட்டேன்."

"மாத்த முடியாதா? தெரியாம அமுக்கிட்டேன்னு சொல்லேன்."

"நன்றின்னு பதிலே வந்துடுச்சுங்க. போட்டா போட்டதுதான் இங்க. முன்னாடியே விட்டுட்டுப் போன பொண்ணை என்ன பாடு படுத்தினாங்கன்னு நான் கண்ணால பார்த்தேன்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். பின்னால் அவளுடைய அறைக்காரி யாரோ வேலைக்கு நேரமாகிறது என்று கூப்பிட்டாள். வருகிறேன் என்று அவளுக்குச் சொல்லிவிட்டு, இவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை உள்ள கூட்டிட்டுப் போங்க. வாசல்லேர்ந்து."

போனேன். கதவைத் திறந்தேன். கூடத்தைத் தாண்டி, சமையலறையில் அவள் நிற்கச் சொன்ன இடத்தில் நின்று, படுக்கையறைக்குள் நுழைந்தேன். லேப்டாப் ஒரு இடத்தில்கூடத் திணறவில்லை.